எதிரியின் வீட்டுக்கும் கோதுமை

 



2023 டிசம்பரில் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2024 மே மாதம்தான் அது விலகியது. செட்டிகுளம் பக்கம் வெங்காயம் போடுகிறவர்களுக்குத் தடை என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அது உள்ளூரில் விலை ஏறாமல் இருக்கப் போட்டது. அரசியலில் பொருளாதாரத் தடை என்பது வேறு. ஒரு கூட்டத்தைப் பணிய வைப்பதற்காகக் கொடுக்கல் வாங்கலை நிறுத்துவது அது.

1990இல் இலங்கையில் மீண்டும் போர் மூண்டபோது அந்நாட்டு அரசு யாழ்ப்பாணத்துக்கு இப்படித் தடை போட்டது. எரிபொருள், உரம், பேட்டரி, நம் அரியலூரிலிருந்து லாரி லாரியாகப் போகிறதே அந்த சிமெண்ட், எல்லாம் தடுக்கப்பட்டன. புலிகளின் கைக்குப் போய்விடும் என்பது காரணம். பிள்ளைகள் ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்டுப் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். 2002 ஜனவரியில்தான் தடை நீங்கியது.

"அதே 1990இல் வடக்கிலிருந்த முஸ்லிம்களைப் புலிகள் விரட்டினார்களே ஹஜ்ரத்?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். விரட்டியது ஆயுதம் ஏந்தியவர்கள். ஜாம் போத்தல் வெளிச்சத்தில் படித்த பிள்ளை அல்ல. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்யக் கூடாது என்பது அல்மாயிதா அத்தியாயம் 8ஆவது வசனத்தின் கருத்து.

பட்டினி கிடந்தவரின் தீர்ப்பு

குறைஷிகள் பனூ ஹாஷிம் குடும்பத்தாரோடு கொள்வினை இல்லை, கொடுப்பினை இல்லை, பெண் எடுப்பதில்லை என்று எழுதிக் கஅபாவில் தொங்கவிட்டார்கள். அபூதாலிப் பள்ளத்தாக்கில் மூன்றாண்டுகள். இலைகளைத் தின்றார்கள். குழந்தைகளின் அழுகை வெளியே கேட்டது. அப்போதும் ஹிஷாம் இப்னு அம்ர் இரவில் ஒட்டகத்தில் உணவை ஏற்றி உள்ளே விரட்டிவிடுவார். அன்று அவர் முஸ்லிம் அல்ல, மனசாட்சி உள்ளவர்.

பிறகு காலம் மாறியது. யமாமாவின் தலைவர் ஸுமாமா (ரலி) இஸ்லாத்தை ஏற்றார். நபியவர்கள் அனுமதிக்கும்வரை ஒரு மணி கோதுமை மக்காவுக்கு வராது என்றார். புகாரியில் உள்ள செய்தி. மக்கா பசித்தது. உறவைச் சேர்ந்து வாழச் சொல்பவர் நீங்களாயிற்றே என்று குறைஷிகள் நபியவர்களுக்குக் கடிதம் எழுதியதாக இப்னு ஹிஷாம் பதிவு செய்கிறார். நபியவர்கள் பழைய கணக்கைப் பார்க்கவில்லை. கோதுமையை விடச் சொல்லி ஸுமாமாவுக்கு எழுதினார்கள். அப்போதும் குறைஷிகள் எதிரிகள்தான்.

எதிரிக்கு வாளை விற்காதே என்பது நியாயம். குழந்தையின் வயிற்றைப் பணயம் வைப்பது நியாயமல்ல.

நம் ஊரில்

இதைக் கேட்டுவிட்டு வெளிநாட்டு அரசுகளைத் திட்டுவது எளிது. நாம் என்ன செய்கிறோம்? சில ஊர்களில் ஜமாஅத் ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைக்கிறது. அவர் கடையில் வாங்காதே, நிக்காஹுக்குப் போகாதே என்று. முன்பு வேறோர் ஊரில் இமாமாக இருந்தபோது அப்படியோர் அறிவிப்பை நானே மைக்கில் வாசித்தேன். மறுநாள் அந்த வீட்டுப் பையன் மக்தபுக்கு வரவில்லை. வாசிக்க மாட்டேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

"கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களை ஐம்பது நாள் ஒதுக்கி வைக்கவில்லையா?" என்பார்கள். ஹதீஸை முழுதாகப் படியுங்கள். பேச்சை நிறுத்தினார்கள். அவர் கடைவீதியில் நடமாடினார், ஜமாஅத் தொழுகைக்கு வந்தார். அவரோடு ஒதுக்கப்பட்ட முதியவர் ஹிலாலுக்குப் பணிவிடை செய்ய அவர் மனைவிக்கு நபியவர்கள் அனுமதி தந்தார்கள். தவறு செய்தவர் திருந்துவதற்கான வழி அது. பிள்ளைகளைப் பட்டினி போடும் வழி அல்ல.

உங்கள் தெருவில் அப்படியொரு வீடு இருந்தால், இன்று தொழுதுவிட்டுப் போகும்போது அந்தக் கடையில் ஒரு சாமானாவது வாங்குங்கள். ஸலாம் சொல்லுங்கள்.

பகையிலும் நீதி தவறாத உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.