மெத்தை அறையில் வளர்ந்த பிள்ளை

பிள்ளைக்கு யாதொரு கஷ்டமும் வரலாகாதென்று எண்ணுவது பெற்றோரின் இயல்பு. அவ்வெண்ணம் முழுவதும் அன்புதானா, அல்லது நம்முடைய பயமும் அதிலே கலந்திருக்கிறதா? இக்கேள்வியை ஜப்பானியச் சித்திரப்படம் ஒன்று நம்முன் வைக்கிறது. ஹயாவோ மியாசாகி இயக்கி 2001-ல் வெளிவந்த அப்படத்தை ஆங்கிலத்தில் 'ஸ்பிரிட்டெட் அவே' என்பர். சித்திரப்படந்தானே, சிறுவர் பார்க்கட்டும் என்று பெரியோர் எழுந்து போய்விட வேண்டாம்.

சிஹிரோ பத்து வயதுச் சிறுமி. புது ஊருக்குக் குடிபோகும் வழியில் காரின் பின் ஆசனத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். வழி தவறிப் போன இடத்தில், ஆளில்லாக் கடையிலிருந்த உணவைப் பெற்றோர் வாரியுண்டு பன்றிகளாகிவிடுகிறார்கள். அவ்விடம் ஆவிகள் வந்து நீராடும் குளியல் விடுதியைச் சேர்ந்தது. வேலை செய்யாதவரை அங்கே மிருகமாக்கிவிடுவர். விடுதிக்காரியான யூபாபா என்னும் மந்திரக்காரி, சிறுமியின் பெயரைப் பறித்து 'சென்' என்றழைத்து, தரை துடைக்க விடுகிறாள்.

இந்த யூபாபாவுக்கும் ஒரு குழந்தை உண்டு. போ என்று பெயர். உருவத்திலே தாயைவிடப் பெரியது. வெளியே போனால் நோய் பற்றும் என்று நம்பி, தலையணைகளும் விளையாட்டுச் சாமான்களும் நிறைந்த அறைக்குள்ளேயே கிடக்கிறது. ஊரார் பிள்ளை தரை துடைக்க, தன் பிள்ளை பஞ்சணையில்! ஆனால், அக்குழந்தை ஒருநாள் மாயத்தால் எலியாகி வெளியேறியதைத் தாய் கவனிக்கவில்லை. "அருமையான ஒன்று மாறிப்போனது தெரியவில்லையா?" என்று கேட்டபோதும், அவள் முதலில் பார்த்தது பொன்னைத்தான். இக்காட்சியை என்னால் எளிதில் மறக்க முடியவில்லை.

சிறுபிள்ளையை வேலைக்கு விடுவது நன்று என்று இப்படம் சொல்வதாக நான் கருதவில்லை. சிஹிரோவுக்குத் துணையும் உண்டு. ஹக்கு என்னும் சிறுவன் சோற்றுருண்டை கொடுக்கிறான். அதைத் தின்றபடியே அவள் தேம்பியழுகிறாள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்ட நாற்றமெடுத்த விருந்தாளியை அவள் கழுவுகிறாள். அதன் உடலில் சிக்கியிருந்த பழைய சைக்கிளையும் குப்பையையும் இழுத்தெடுக்கக் கூட்டமே கைகொடுக்கிறது. ஆனால் அவளுக்குப் பதிலாக எவரும் அவள் பாட்டைப் படவில்லை. உதவி வேறு, பதிலாளாய் நிற்பது வேறு. இவ்விரண்டையும் நாம் வீட்டிலே அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம். பாடத்தை எழுதிக்கொடுப்பதும், பிள்ளையின் சண்டைக்கு நாமே போய் நிற்பதும் எந்த வகை?

போவும் சிஹிரோவோடு தூரப் பயணம் போய்வந்து, தன் காலால் நிற்கிறான். தாய் திகைக்கிறாள். சிஹிரோவின் பெற்றோருக்கோ, மீட்கப்பட்ட பின்னும், நடந்தது ஒன்றும் நினைவில்லை. திரும்பும் வழியில் மகள் கையை இறுகப் பற்றிக்கொள்ள, "இப்படி ஒட்டிக்கொண்டால் எப்படி நடப்பது?" என்று தாய் சலித்துக்கொள்கிறாள்.