பின்னால் வந்தவர்கள்

புதுக்கோட்டைப் பக்கம் மழைக்கு ஏங்கும் மண். முட்புதரும் செம்மண் தரையும் நடுவே மொட்டைப் பாறைக் குன்றுகளுமாகக் கிடக்கிறது. குன்றேறினால் பாறைக் குழிகளில் சுனைநீர். அந்தத் தண்ணீரும் தனிமையும்தான் சமண முனிவர்களை இங்கே இருத்தியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

*

சித்தன்னவாசல், ஏழடிப்பட்டம். கம்பியைப் பிடித்தபடி பாறைச் சரிவின் ஓரமாக நடந்தால் குகைத்தளம். பாறையிலேயே வெட்டி வழவழப்பாக்கிய 17 படுக்கைகள். தலைமாட்டில் மட்டும் கல்லைச் சற்று உயரமாக விட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் துறந்தவரின் கழுத்து வலிக்கக்கூடாது என்று எண்ணிய அந்தக் கல்தச்சரைக் கும்பிடத் தோன்றியது. ஒரு படுக்கையில் தமிழ்ப் பிராமி எழுத்து. எருமிநாட்டில் பிறந்த ஒரு துறவிக்கு இளையர் செய்துகொடுத்த இருக்கை என்கிறது. எங்கிருந்தோ வந்தவருக்கு இந்த ஊர் கொடுத்த இடம் அது.

*

அதே குன்றின் மேற்குச் சரிவில் அறிவர் கோயில். விதானத்தில் தாமரைக்குளம்: இலைகளுக்கு இடையே மீன்கள், பறவைகள், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள். ஒருவர் தாமரையைத் தண்டோடு தோளில் சாய்த்து வைத்திருக்கிறார். கல்லின் மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் வண்ணம். பூச்சு உதிர்ந்த இடத்தில் குளமும் இல்லை. வெளியே பாறையில் ஒரு கல்வெட்டு. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் குடைவரையைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுப்பித்தார் என்கிறது. முதலில் குடைந்தவர் யார் என்று அது சொல்லவில்லை. செப்பனிட்டவர் பெயர் நிற்கிறது.

*

நார்த்தாமலை. மேலமலைப் பாறையில் மேற்கு பார்த்த விஜயாலய சோழீஸ்வரம். முத்தரையர் குலத்துச் சாத்தன் பூதி கட்டியது. பெருமழையில் இடிந்தபோது மல்லன் விடுமன் திரும்ப எடுப்பித்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. சுனையை நிரப்பும் அதே மழைதான் கோயிலையும் சாய்த்திருக்கிறது. இரண்டையும் ஏற்றுக்கொண்டு மறுபடி கல் அடுக்கியவரை நினைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே சமணர் குடகு என்ற குடைவரை. பெயர் சமணருடையது, உள்ளே சுவரில் 12 திருமால் உருவங்கள், ஆளுயரத்தில், வரிசையாக. பக்கத்திலேயே பழியிலி ஈஸ்வரம் என்ற சிவன் குடைவரை. ஒரே பாறை யாரையும் போகச் சொல்லவில்லை.

*

குடுமியான்மலையில் பாறை முகத்தில் ஓர் இசைப்பாடம். கிரந்த எழுத்தில், பத்திபத்தியாக, ஏழு பண்களுக்குரிய சுரங்கள். உருத்திராச்சாரியாரின் மாணவரான ஓர் அரசர் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று அதிலேயே குறிப்பு இருக்கிறது. தன் புகழுக்கென்று எதையும் செதுக்கியிருக்க முடிந்தவர், இனிமேல் கற்க வருபவர்களை நினைத்துச் சுரங்களைச் செதுக்க வைத்திருக்கிறார்.

*

ஊர் சுற்றிப் பார்ப்பது என்கிறோம். இந்த மாவட்டத்தில் பார்க்கிற பலவும், கட்டியவருக்குப் பிறகு வேறொருவர் கை வைத்துக் காத்ததால் நமக்கு மிஞ்சியவை. இன்றைக்கு அந்த வேறொருவர் நாம்தான். ஓவியத்தில் கை படாமல் தள்ளி நிற்பது, சுனையில் பிளாஸ்டிக் பாட்டிலைப் போடாமல் இறங்குவது, சுவரில் பெயர் கிறுக்கப் போகும் பிள்ளையிடம் அங்கே ஏற்கெனவே என்ன எழுதியிருக்கிறது என்று உட்காரவைத்துச் சொல்வது. இளங்கௌதமன் அளவுக்கு நம்மால் முடியாது. இவ்வளவு முடியும், இதைச் செய்யாமல் குன்றிறங்கினால், பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை.