முற்பிறவி நினைவும் அறப்பொறுப்பும்: ‘சோலைமலை இளவரசி’யை முன்வைத்து

நினைவில் இல்லாத செயலுக்கு ஒருவன் பொறுப்பாவானா என்பது மறுபிறவிக் கொள்கை எழுப்பும் அடிப்படை அறவினா. செய்தவன் ஒருவன், பயனைத் துய்ப்பவன் வேறொருவன் என்னும் தோற்றம் இருப்பின் அது நீதியாகுமா? தமிழ்க் காப்பியங்கள் இவ்வினாவை மெய்யியல் வாதமாக அன்றிக் கதையாகவே எதிர்கொண்டன. அம்மரபு கல்கியின் ‘சோலைமலை இளவரசி’ (1947) என்னும் புதினத்தில் புதுவடிவம் பெறுகிறது.

சிலப்பதிகாரத்தில் கோவலனின் முற்பிறவியை மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கிறது. கலிங்கத்துச் சிங்கபுரத்தில் பரதன் என்னும் பெயரோடிருந்த அவன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொலைக்கு உள்ளாக்கினான். சங்கமன் மனைவி நீலியின் சாபமே இப்பிறவியில் பலித்தது என்கிறது தெய்வம். இவ்விளக்கம் எப்போது வருகிறது என்பது நோக்கத்தக்கது. பாண்டியன் தன் பிழையைத் தானே ஏற்று உயிர்நீத்துவிட்டான், மதுரையும் எரியுண்டது. அதன் பின்னரே வினைக்கதை சொல்லப்படுகிறது. அதனை முன்னரே அறிந்திருந்தால் அரசன் தன்னைக் குற்றமற்றவன் எனக் கருதியிருக்கலாம். அவ்வாய்ப்பைக் காப்பியம் அவனுக்கு அளிக்கவில்லை.

மணிமேகலை இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. மணிபல்லவத்துப் புத்தபீடிகையைக் கண்டு மணிமேகலை தன் முற்பிறவியை உணர்கிறாள். அப்பிறவியில் இலக்குமியாகிய அவளுக்குக் கணவனாயிருந்த இராகுலனே இப்பிறவியில் உதயகுமரன். காயசண்டிகை வடிவில் இருந்த மணிமேகலையைத் தன் மனைவியெனக் கருதிய விஞ்சையன் காஞ்சனன் அவனை வெட்டி வீழ்த்துகிறான். முனிவனுக்குரிய உணவைச் சமைத்த மடையன் ஒருவன் கால் இடறியபோது அவனை இராகுலன் வெட்டிய தீவினையே இங்ஙனம் வந்தது என்று கந்திற்பாவை விளக்குகிறது. ஆயினும் அப்பாவை காஞ்சனனை விடுவிக்கவில்லை. அவன் செய்த கொலையின் பயனும் அவனைத் தொடரும் என்றே கூறுகிறது. கொல்லப்பட்டவனின் பழவினை கொன்றவனுக்குச் சான்றிதழ் ஆகாது. ஊழைக் காட்டி இன்றைய கொடுமையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வோர் இவ்விடத்தை ஊன்றிப் படிப்பதில்லை.

கல்கியின் புதினத்தில் தெய்வமும் இல்லை, பீடிகையும் இல்லை. 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் ஈடுபட்டுக் காவலர்களால் தேடப்படும் குமாரலிங்கம், பாழடைந்த சோலைமலைக் கோட்டையில் மறைந்திருக்கிறான். அங்கே அவனுக்கு ஒரு பழங்கதை தன் கதையாகவே தோன்றுகிறது. மாறனேந்தல் உலகநாதத் தேவனாக வெள்ளையருக்கு அஞ்சி ஒளிந்த தன்னை இளவரசி மாணிக்கவல்லி காத்ததாக அவன் உணர்கிறான். உணவு கொண்டுவந்து தரும் பொன்னம்மாள் அவளாகவே தெரிகிறாள். இது கனவா, நினைவா என்பதை ஆசிரியர் திட்டமாக முடிவுகட்டாமை புதினத்தின் வலிமை எனலாம். ஒருவேளை காதற்சுவையை மிகுவிக்கும் உத்தியாக மட்டுமே அவர் இதனைக் கருதியிருக்கலாம். எனினும் படைப்பு அதற்கு மேலும் பேசுகிறது. காப்பியத்தில் முற்பிறவி கழிக்க வேண்டிய கடன்; இங்கோ அது முடிவுறாத ஒரு பணி. குமாரலிங்கம் பழவினைக்காகத் துன்புறுபவன் அல்லன். தோற்ற ஒருவனின் போராட்டத்தைக் கையேற்பவன். தனியுயிரின் வினைத்தொடர்ச்சி நாட்டின் வரலாற்றுத் தொடர்ச்சியாக மாறுகிறது.

இம்மாற்றத்தில் ஓர் இடரும் உண்டு. வரலாற்றை மறுபிறவியாகக் காணும்போது நிகழ்ந்தவை யாவும் மீண்டும் நிகழவேண்டியவையே என்னும் எண்ணம் தலைதூக்கும். இதனைச் சோதிக்கப் புனே நகரை ஒட்டிய ஹடப்சர் பொருத்தமான களம். மருதுபாண்டியர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபர் 24. ஹடப்சர்ப் போர் நிகழ்ந்தது 1802 அக்டோபர் 25. ஓராண்டும் ஒருநாளும் இடைவெளி. பேசுவா இரண்டாம் பாஜிராவ், சிந்தியா ஆகியோரின் கூட்டுப்படையை யசுவந்தராவ் ஓல்கர் அங்கு முறியடித்தார். முந்தைய ஆண்டு அவர் உடன்பிறந்தவரான விட்டோஜியைப் புனேயில் யானைக் காலில் இடறச் செய்தவர் பாஜிராவ். தோற்றோடிய அவர் 1802 டிசம்பர் 31இல் வசாயில் ஆங்கிலக் கும்பினியோடு உடன்படிக்கை செய்து தம் உரிமையை ஒப்படைத்தார்.

இதனை ‘விட்டோஜியின் பழி’ என்று வினைக்கதையாக்குவது எளிது. ஆனால் பழியுணர்ச்சி பாஜிராவைத் தோற்கடித்ததேயன்றி, உடன்படிக்கையில் கையொப்பமிடச் செய்யவில்லை. அது அவரே தேர்ந்த வழி. சோலைமலையில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற அரசனின் தேர்வும் அத்தகையதே. சூழல் மீண்டும் வரலாம். தேர்வு ஒவ்வொரு முறையும் புதிது. குமாரலிங்கத்திற்குக் கோட்டை நினைவூட்டியது முன்னவன் விதியை அன்று, முன்னவன் நின்ற பக்கத்தை.

இங்கே முதல் வினாவிற்குத் திரும்பலாம். நினைவற்ற செயலுக்குத் தண்டனை ஏற்பதும் நினைவற்ற இழப்பிற்குக் கடமை ஏற்பதும் ஒன்றல்ல. முன்னது பிறரால் சுமத்தப்படுவது. பின்னதை ஒருவன் தானே மேற்கொள்ளலாம், மறுக்கவும் செய்யலாம். மறுபிறவியை நம்பாதவர்க்கும் இவ்வேறுபாடு பொருந்தும். ஹடப்சரில் இன்று மகர்பட்டா நகரம் எழுந்துள்ளது. வேளாண்குடியினர் தம் நிலங்களை ஒன்றுசேர்த்து உருவாக்கிய நகரம் அது. பல மாநிலங்களிலிருந்து பணிக்கு வந்து அங்கு வாழ்வோருக்கு 1802 எவ்வகையிலும் முற்பிறவி அன்று. அப்போரின் இழப்பை அவர்கள் தமதெனக் கொள்ளவேண்டும் என்று எந்தக் கந்திற்பாவையும் ஆணையிட இயலாது. கோட்டை இடிபாட்டில் குமாரலிங்கத்தையும் எவரும் ஆணையிடவில்லை.