கையை எடுங்க, மிஸ்!

பள்ளிக்கூட எக்ஸிபிஷனுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். தெர்மாகோல் எரிமலை, அட்டையில் அணைக்கட்டு, குட்டி பல்பு எரியும் கிராமம் என்று எல்லாமே அத்தனை கச்சிதமாக இருக்கும். பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம், ''இதை எப்படிம்மா செஞ்சே?'' என்று கேளுங்கள். திருதிருவென்று முழிக்கும். பின்னாலிருந்து அப்பா பதில் சொல்வார்!

உதவி செய்வது நல்ல குணம்தான். ஆனால், உதவி எந்த இடத்தில் திருட்டாக மாறுகிறது?

கொஞ்சம் காரமான கேள்விதான். இதற்குப் பதில் தேட நல்ல இடம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஸ்டாப் மோஷன் படம் எடுக்கக் கற்றுத்தரும் வகுப்பு.

ஸ்டாப் மோஷன் ஒன்றும் புரியாத வித்தை இல்லை. களிமண் பொம்மையைத் துளி நகர்த்து. கையை எடு. ஒரு போட்டோ எடு. மறுபடி துளி நகர்த்து, கையை எடு, போட்டோ எடு. அத்தனையையும் வேகமாக ஓட்டினால் பொம்மை நடக்கும். 1933-ல் வந்த 'கிங் காங்' குரங்கு இப்படித்தான் நடந்தது. இன்றைக்கு ஒரு செல்போன், அது ஆடாமல் நிற்க ஒரு ஸ்டாண்டு, ஒரு மேஜை விளக்கு இருந்தால் போதும்.

இந்த வகுப்பில் அடிக்கடி கேட்கிற வார்த்தை, 'கையை எடு'. கை உள்ளே வராமல் பொம்மை நகராது. கை வெளியே போகாமல் படம் கிடைக்காது. டீச்சர் வேலையும் கிட்டத்தட்ட இதுதான் இல்லையா?

ஓர் ஆறாம் வகுப்புப் பையன், ''மிஸ், மூணு நிமிஷப் படம். டைனோசர் சண்டை!'' என்று வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'அதெல்லாம் உன்னால முடியாதுடா' என்று சொல்லலாம். நல்ல டீச்சர் சொல்ல மாட்டார். பேப்பரும் பென்சிலும் கொடுப்பார். சினிமாவில் விநாடிக்கு 24 ஃப்ரேம். ஒரே படத்தை இரண்டு ஃப்ரேம் நிறுத்தினால் 12 போட்டோ போதும். மூன்று நிமிடத்துக்கு 2,160. ஒரு போட்டோவுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 36 மணி நேரம்! பையனே பெருக்கிப் பார்த்துவிட்டு, ''இருபது செகண்ட் போதும் மிஸ்'' என்பான். 240 போட்டோ, நாலு மணி நேரம். அப்புறம் கட்டம் கட்டமாகக் கதையை வரைவான். திட்டமிடக் கற்றுக்கொண்டது அவன். டீச்சர் கொடுத்தது பென்சில் மட்டும்.

இதுவரை சுலபம். இனிமேல்தான் சிக்கல்.

140-வது போட்டோவில் யாரோ மேஜையை இடித்துவிடுகிறார்கள். ஓட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் மரம், மலை எல்லாம் ஒரு குதி குதிக்கிறது. பிள்ளைகள் முகம் தொங்க வீட்டுக்குப் போகிறார்கள். ஆண்டு விழாவில் படம் போட வேண்டும். மிஸ்ஸுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். ராத்திரி அரைமணி நேரம் உட்கார்ந்தால் அந்தக் குதியைச் சரிசெய்துவிடலாம். யாருக்கும் தெரியாது. செய்யலாமா?

'செய்தால் என்ன? பிள்ளை நாலு பேர் முன்னால் அவமானப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கொடுமை இல்லையா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது மட்டுமே கற்றுத்தருவதாகிவிடாது. சின்ன விரல்களால் கம்பியை முறுக்க முடியாவிட்டால் முறுக்கிக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால், ரகசியமாகச் சரிசெய்த படத்துக்குக் கைதட்டல் விழும்போது அந்தப் பிள்ளை மனசுக்குள் என்ன ஓடும்? 'நாம எடுத்தது இப்படி இல்லையே!' அடுத்த முறை மேஜை இடித்தால் அவன் யோசிக்க மாட்டான். ராத்திரி வரும் மாயக் கைக்காகக் காத்திருப்பான்.

மறுநாள் காலையில் அந்தக் குதியை எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம். ''140-லேர்ந்து மறுபடி எடுக்கலாம். இல்லேன்னா கம்ப்யூட்டர்ல எப்படிச் சரிபண்றதுன்னு காட்டறேன், நீங்களே பண்ணுங்க. என்ன செய்யலாம்?'' என்று கேட்கலாம். யாராவது ஒரு வாண்டு, ''மிஸ், அங்க பூகம்பம் வந்துச்சுன்னு கதையை மாத்திடலாம்!'' என்று கத்தினாலும் ஆச்சரியமில்லை.

இங்கிலாந்தில் நிக் பார்க் என்ற மாணவர் 1982-ல் திரைப்படக் கல்லூரியில் ஒரு களிமண் பொம்மைப் படம் ஆரம்பித்தார். படிப்புக் காலம் போயும் படம் முடியவில்லை. பிரிஸ்டல் நகரத்து ஆர்ட்மன் ஸ்டூடியோ அவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. வேலைக்கு நடுவே சொந்தப் படத்தை முடிக்க இடமும் உதவியும் தந்தது. படத்தைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. 1989-ல் 'எ கிராண்ட் டே அவுட்' முடிந்தது. வாலஸும் அவனுடைய நாய் குரோமிட்டும் பிறந்த படம் அது. பொம்மைகளை உற்றுப் பாருங்கள். களிமண்ணில் விரல் ரேகை தெரியும். அது குறையாகத் தெரிவதில்லை. ஒரு மனிதர் செய்தது என்பதற்கான கையெழுத்தாகவே தெரிகிறது.

உங்கள் வீட்டுக்கும் ஒருநாள் தெர்மாகோலும் ஃபெவிகாலும் வரும். மணி ராத்திரி பத்து ஆகியிருக்கும். கை பரபரக்கும். அப்போது இரண்டே கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். 'நான் செய்வதைப் பிள்ளைக்கு எதிரிலேயே செய்ய முடியுமா? நாளைக்கு நான் இல்லாவிட்டாலும் இதை அவனால் திரும்பச் செய்ய முடியுமா?'

இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் தாராளமாக உதவுங்கள். இல்லையென்றால் கையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். எரிமலை கொஞ்சம் கோணலாகத்தான் வரும். வரட்டுமே! அதில் இருப்பது உங்கள் பிள்ளையின் விரல் ரேகை.