அம்மையின் கல்

ஹவாய்த் தீவிலுள்ள கிலாவேயா, உலகில் ஓயாது கனலும் எரிமலைகளுள் ஒன்று. அது அமைந்த நிலம் 1916-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதன் உச்சியிலுள்ள ஹலேமாவுமாவு என்னும் பெருங்குழியில் பேலே என்னும் அக்கினித் தேவி உறைகிறாள் என்பது அத்தீவினரின் நம்பிக்கை. குழம்பு காற்றில் இழையாக நீண்டு உறைவதைப் 'பேலேயின் கூந்தல்' என்றும், துளியாக உறைவதைப் 'பேலேயின் கண்ணீர்' என்றும் நிலவியலாரே வழங்குகின்றனர். 2024 டிசம்பரில் தொடங்கிய பெருக்கில் நெருப்பூற்று சில முறை 300 மீட்டருக்கும் மேல் எழுந்தது.

இவற்றைக் கண்டு திரும்பியோர் பலர், பின்னர் அப்பூங்காவிற்குப் பொட்டலம் அனுப்புகின்றனர். உள்ளே ஒரு கருங்கல். உடன் ஒரு மன்னிப்புக் கடிதம். கல்லை எடுத்து வந்தபின் வேலை போயிற்று, நோய் வந்தது, தேவியிடம் சேர்த்துவிடுங்கள் என்று எழுதியிருப்பர். பூங்காவில் கல் எடுப்பது சட்டப்படியே குற்றம். தேவியின் சாபம் என்பதோ பழைய ஹவாய் மரபில் இல்லை, சென்ற நூற்றாண்டில் பரவிய பேச்சு என்பர்.

மைசூரு அன்பர் ஒருவர் அத்தகைய கல்லொன்றைக் காட்டி, "சுவாமிஜி, திருப்பி அனுப்பினால் கஷ்டம் தீருமா?" என்று வினவினார். "அவசியம் அனுப்புங்கள். ஆனால் கஷ்டம் தீருவதற்காக அனுப்பாதீர்கள்" என்றேன்.

பதஞ்சலி முனிவர் யமங்களைக் கூறுகையில் அஸ்தேயம், அபரிக்கிரகம் என இரண்டைத் தனித்தனியே வைத்தார். ஒன்று திருடாமை, மற்றது, தனதாக்கிக் கொள்ளாமை. அஞ்சித் திருப்பித் தருபவன் முதலாவதை ஒருவாறு நிறைவேற்றுகிறான். இரண்டாவதை அவன் தொடவேயில்லை. முன்பு கல் வேண்டியிருந்தது, இப்போது நலம் வேண்டியிருக்கிறது. வேண்டுதல் அப்படியே இருக்கிறது. தேவியையும் அவன் கடன் வசூலிக்கும் வணிகராக்கி விடுகிறான். தன் பிள்ளை ஒரு கல்லை எடுத்ததற்காக எந்தத் தாய் அவனது குடும்பத்தை நோயில் தள்ளுவாள்?

நம் சாமுண்டி மலையின் கருங்கல்லும் ஒருகாலத்தில் பூமிக்கடியில் உருகிய குழம்பாயிருந்து, பல கோடி ஆண்டுகளுக்கு முன் மெல்லக் குளிர்ந்து இறுகியதே. ஏறத்தாழ ஆயிரம் படிகளில் ஒவ்வொன்றுக்கும் குனிந்து மஞ்சளும் குங்குமமும் இட்டபடி ஏறும் பெண்களை அங்கே காணலாம். அவர்களிலும் வேண்டுதலோடு வருவோர் உண்டு, மறுப்பதற்கில்லை. எனினும் அறுநூறாவது படியில் முதுகு வலிக்கும்போது வேண்டுதல் நினைவிலிருக்குமா என்பது ஐயமே. அடுத்த படி மட்டுமே கண்ணில் தெரியும்.