விற்பவனின் வாய்

ஹலாலான தொழில் எது என்று கேட்கும்போது நாம் பொருளையே பார்க்கிறோம். விற்பவனின் வாயைப் பார்ப்பதில்லை. நாவற்குடாவில் உயர்தரம் எழுதிவிட்டு இருக்கும் ஒரு மாணவனுக்கு வீடியோ கேம் கடையில் வேலை வந்திருக்கிறது. போகலாமா என்பது அவன் கேள்வி.

இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் சம்பாத்தியத்துக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி, பொருளின் குறையை வாங்குபவனிடம் மறைக்கலாகாது என்கிறார். கேம் இறுவட்டின் குறை கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்காவில் 1993இல் 'மோர்டல் கொம்பாட்'டின் இரத்தக் காட்சிகள் செனட் விசாரணை வரை போயின. 1994இல் உறையில் வயதுக் குறியீடு வந்தது. 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 5'க்கு ஐரோப்பாவில் இட்ட எண் 18. பன்னிரண்டு வயது மகனோடு கடைக்கு வரும் உம்மாவுக்கு அந்த எண்ணின் பொருள் தெரியாது. விற்பவனுக்குத் தெரியும்.

கத்தி விற்பவனும் குற்றவாளியா என்று கேட்கலாம். கத்தி தன் கூர்மையை மறைப்பதில்லையே.

ஆகவே முதலாளியிடம் முதலில் கேட்க வேண்டியது சம்பளத்தையல்ல: "இது இந்த வயதுக்கு உரியதல்ல என்று சொல்ல என்னை விடுவீர்களா?" விட்டால் போகலாம், விடாவிட்டால் வேண்டாம். வேலை அரிதான ஊரில் இது கடுமையான நிபந்தனைதான். இதைவிடக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.