ஆலோசனையும் ஓர் அமானிதமே!

பொன்னையோ பணத்தையோ பிறர் நம்மிடம் ஒப்படைத்தால் அதை அமானிதம் என்று அறிந்து பூட்டி வைக்கிறோம். அண்டை வீட்டார் வெளியூர் போகும்போது சாவியைக் கொடுத்துச் சென்றால், அது பத்திரமாக இருக்கிறதா என்று இரவில் எழுந்து பார்ப்பவர்கள்கூட நம்மில் உண்டு. ஆனால் அதே அண்டை வீட்டார், "காக்கா! எங்கள் வீட்டில் அடிக்கடி ப்யூஸ் போகிறதே, என்ன செய்யலாம்?" என்று கேட்டால், வாயில் வந்த யோசனையைச் சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்த ஒரு கேள்வியின் மூலம் அவர் தம் வீட்டையும், அதனுள் உறங்கும் பிள்ளைகளையும் நம் நாவினிடம் ஒப்படைத்திருக்கிறார் என்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

ஆலோசனை கேட்கப்பட்டவர் அமானிதத்தைச் சுமந்தவராகிறார் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை. சரியானது வேறொன்று என்று அறிந்துகொண்டே தன் சகோதரனுக்கு மாறான யோசனையைச் சொல்பவன் அவனுக்கு மோசடி செய்தவனாவான் என்ற கருத்திலும் ஹதீது வந்துள்ளது. இவற்றை நாம் திருமணப் பேச்சிலும் வியாபாரக் கூட்டிலும் எடுத்துச் சொல்கிறோம். குழாய் ஒழுகுவதற்கும், கூரை கசிவதற்கும், வண்டி நின்றுபோவதற்கும் கேட்கப்படும் யோசனைக்கு இவை பொருந்துமா? "சொன்னது நான், செய்தது அவர். நஷ்டம் வந்தால் நான் எப்படிப் பொறுப்பாவேன்?" என்று ஒருவர் கேட்டால் அதற்கு மார்க்கம் என்ன விடை தருகிறது? இதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

தன் கையால் செய்வது இழிவல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வீட்டு வேலைகளைத் தாமே செய்துகொள்வதும், அதற்காகப் பிறரிடம் வழி கேட்பதும் குறையன்று. அகிலத்திற்கு அருட்கொடையாய் வந்த நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்தார்கள். கிழிந்த ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டார்கள். வீட்டாருக்கு ஒத்தாசையாக இருந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அகழ்ப் போரின்போது, ஹிஜ்ரி 5-ல், பகைவரைத் தடுக்க அகழ் தோண்டலாம் என்று ஸல்மான் பாரிஸீ (ரலி) அவர்கள் சொன்ன யோசனையை ஏற்றுத் தாமும் மண் சுமந்தார்கள்.

மதீனத்துப் பள்ளிவாசல் கட்டப்பட்டபோது யமாமாவிலிருந்து வந்த தல்க் இப்னு அலீ (ரலி) அவர்களும் அந்த வேலையில் கலந்துகொண்டார்கள். மண் குழைப்பதில் அவர்களுக்கு நல்ல கைப்பழக்கம் இருந்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அந்த வேலையை அவரிடமே விடும்படி மற்றவர்களுக்குச் சொன்னார்கள். எல்லா ஸஹாபாப் பெருமக்களும் நன்மையில் போட்டியிட்ட இடம் அது. ஆயினும் சேறு குழைப்பதற்கு யார் கை பொருத்தமானது என்று பார்த்தே ஆள் தேர்ந்தெடுக்கப்பட்டது.

பேரீச்ச மரங்களின் மகரந்தச் சேர்க்கை பற்றிய ஹதீதும் நாம் அறிந்ததே. மதீனாவாசிகள் செய்துவந்த அந்த வேலையைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் தம் எண்ணம் ஒன்றைச் சொல்ல, அவர்கள் அதை நிறுத்திவிட்டார்கள், விளைச்சல் குறைந்தது. அப்போது, உலகக் காரியங்களில் அந்தந்தத் தொழிலை உடையவர்களே அதை நன்கறிந்தவர்கள் என்ற கருத்தை அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். வஹீ வரும் நாவுக்குரியவர்களே தோட்டக்காரனின் தொழிலறிவுக்கு இவ்வளவு மதிப்பளித்திருக்க, எலக்ட்ரீஷியனின் வேலையிலும் கொத்தனாரின் வேலையிலும் எல்லாம் தெரிந்ததுபோல் நாம் பேசுவது எங்ஙனம் தகும்?

சொன்னவர் மீது பொறுப்பு உண்டா?

இனிக் கேள்விக்கு வருவோம். சட்ட ரீதியாகப் பார்த்தால், நேரடியாகச் செய்தவரும் அதற்குக் காரணமாக இருந்தவரும் சேர்ந்துவிட்டால் பொறுப்பு செய்தவரையே சாரும் என்பது ஃபிக்ஹுக் கலையின் பொது விதி. உஸ்மானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் தொகுக்கப்பட்ட 'மஜல்லா' சட்டத் தொகுப்பில் இது 90-வது விதியாக இடம் பெற்றுள்ளது. ஆகவே, யோசனை சொன்னவரைப் பார்த்து "எரிந்துபோன மோட்டாருக்குப் பணம் கொடு" என்று காழி தீர்ப்பளிக்க மாட்டார். சகோதரர் சொல்லும் சமாதானம் இந்த அளவில் சரிதான்.

ஆனால் இதே விதிக்கு நம் ஃபுகஹாக்கள் ஒரு விலக்கையும் சொல்லியிருக்கிறார்கள். ஹிஜ்ரி 970-ல் வஃபாத்தான இமாம் இப்னு நுஜைம் (ரஹ்) அவர்களின் 'அல்அஷ்பாஹ் வந்நளாயிர்' என்ற நூலில் அது காணப்படுகிறது. பிறருடைய பொருள் இருக்கும் இடத்தை ஒருவன் திருடனுக்குக் காட்டிக் கொடுத்தால், பொருளுக்கு ஈடு கொடுக்கும் பொறுப்பு திருடனுக்குத்தான். வழி காட்டியவனுக்கு அது இல்லை. ஆனால் வழி காட்டியவன் அந்தப் பொருளை அமானிதமாகப் பெற்றிருந்தவனாக இருந்தால் அவனும் ஈடு கொடுக்க வேண்டும். ஏனெனில் அதைப் பாதுகாக்கும் கடமை அவனுக்கு இருந்தது. அதை அவன் விட்டுவிட்டான்.

இருவரும் செய்தது ஒரே காரியம்தான். இருவரும் வாயால் மட்டுமே சொன்னார்கள். இருந்தும் ஒருவனைச் சட்டம் விட்டுவிடுகிறது, மற்றவனைப் பிடிக்கிறது. வித்தியாசம் அமானிதத்தில் இருக்கிறது. ஆலோசனை கேட்கப்பட்டவர் அமானிதம் சுமந்தவர் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கும்போது, அவர் இந்த இருவரில் யாருக்கு ஒப்பானவர்? காழியின் முன் நிற்கும்போது முதலாமவரைப் போலவும், கியாமத் நாளில் அல்லாஹ்வின் முன் நிற்கும்போது இரண்டாமவரைப் போலவும் அவர் இருக்கக்கூடும். அஞ்ச வேண்டியது அந்த இரண்டாவது நிற்பதற்குத்தான்.

இதற்கு ஆதாரமாக இன்னொரு ஹதீதும் உண்டு. ஒரு பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையாகியது. "தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா?" என்று கூட இருந்தவர்களிடம் கேட்டார். "தண்ணீர் இருக்கிறதே, சலுகை இல்லை" என்றார்கள். அவர் குளித்தார், மௌத்தாகிவிட்டார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் மிகக் கடுமையாகக் கோபித்து, அவர்களே அவரைக் கொன்றுவிட்டார்கள் என்ற கருத்தில் பேசி, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்று உணர்த்தினார்கள். அபூதாவூதில் இது பதிவாகியுள்ளது. தண்ணீரைத் தலையில் ஊற்றியது காயம்பட்டவரின் கைதான். அந்த அறிவிப்பில் நஷ்டஈடு பற்றிய பேச்சும் இல்லை. ஆயினும் அந்த மரணம் சொன்னவர்களுடன் சேர்த்தே பேசப்பட்டது. அவர்கள் கெட்ட எண்ணத்துடன் சொன்னவர்களும் அல்லர்; தெரியாததைத் தெரிந்தது போல் சொன்னார்கள், அவ்வளவே.

அரைகுறை அறிவின் ஆபத்து

நம் வீடுகளில் நடப்பதை இந்த ஹதீதுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய வீடுகளில் இன்னும் பீங்கான் ப்யூஸ் இருக்கிறது. அடிக்கடி கம்பி உருகினால், "இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கிக் கட்டுங்கள், போகவே போகாது" என்கிறோம். உண்மைதான், போகாது! ஆனால் அந்தக் கம்பி உருகுவதற்காகவே அங்கு வைக்கப்பட்டது. அது உருகாவிட்டால், சுவருக்குள் ஓடும் ஒயர் சூடேறி எரியத் தொடங்கும். 2000 வாட் கொண்ட வாட்டர் ஹீட்டர் நம் நாட்டு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். அதை விளக்குக்காகப் போட்ட மெல்லிய ஒயரில் மாட்டச் சொல்பவர், ப்யூஸைத் தடிப்பாக்கச் சொல்பவருடன் சேர்ந்து ஒரு வீட்டையே எரித்துவிடலாம். அதுபோல, பிரிட்ஜின் மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை வெட்டிவிடச் சொல்பவர், ஈரக் கையோடு அதைத் தொடும் பெண்ணுக்கும் மரணத்துக்கும் நடுவே இருந்த எர்த் ஒயரைத் துண்டித்துவிடுகிறார்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். மணமற்ற அந்த வாயுவில், கசிவை உணர்த்துவதற்காகவே கெட்ட வாடை சேர்த்திருக்கிறார்கள். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எந்த சுவிட்சையும் போடவும் அணைக்கவும் செய்யாமல் வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் "தீக்குச்சியைக் கிழித்து ட்யூப் ஓரம் காட்டிப் பார், எங்கே கசிகிறதென்று தெரியும்" என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள்!

செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டால், "ஓர் ஆளை இறக்கிவிடுங்கள், ஒரு மணி நேர வேலை" என்று சொல்வது இவை எல்லாவற்றிலும் கொடியது. அதனுள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு மிகும்போது மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். வாடை இல்லையே என்று இறங்குபவர் மேலே வருவதில்லை. காப்பாற்ற இறங்குபவரும் வருவதில்லை. தகுந்த பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றிருந்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. அந்தப் பணத்தைக் கொடுப்பவர் வேறு யாராகவோ இருக்கலாம். "இறக்கிவிடுங்கள்" என்று சொன்ன நாவு எங்கே போய்க் கணக்குக் கொடுக்கும்?

எல்லா யோசனையும் இப்படி உயிரோடு விளையாடுவது அல்ல. ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றச் சொல்லி அது பலிக்காவிட்டால், ஒரு வாஷர் நஷ்டம். மறுபடி வேறு மாற்றலாம். ஆகவே, தவறினால் திருத்திக்கொள்ள முடியுமா, முடியாதா என்பதே நம் நாவுக்கு அளவுகோலாக வேண்டும். திருத்த முடியாத நஷ்டம் எங்கே இருக்கிறதோ, அங்கே உறுதியான அறிவு இல்லாமல் வாய் திறக்கலாகாது.

தொழில் தெரிந்தவர்க்கும் கேட்பவர்க்கும்

தொழில் தெரிந்தவருக்கும் ஒரு சோதனை உண்டு. "இந்தக் கடையில் இந்தச் சாமானையே வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் தனியே கமிஷன் பெறும் வழக்கம் பரவலாக உள்ளது. அந்தச் சாமான் உண்மையிலேயே நல்லதாக இருக்கலாம். ஆனால் கேட்டவர் அந்தச் சொல்லை நலம் நாடும் நஸீஹத் என்று நம்பி வாங்கினார். அது விற்பனைப் பேச்சு என்று அவருக்குத் தெரியாது. கமிஷன் உண்டு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அல்லது உங்கள் யோசனைக்கென்று நேரடியாகக் கூலி கேளுங்கள். உழைத்துக் கற்ற அறிவுக்குக் கூலி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைப்பதில்தான் குற்றம் இருக்கிறது.

கேட்பவருக்கும் கடமைகள் உண்டு. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். மாடியில் ஈரம் ஓரிடத்தில் தெரியும். தண்ணீர் இறங்குவது வேறிடமாக இருக்கும். பாதியை மறைத்துக் கேட்டால் சரியான யோசனை கிடைக்காது. நமக்குப் பிடித்த பதில் வரும் வரை பத்துப் பேரிடம் கேட்டுக்கொண்டே போவதும் மஷ்வரா ஆகாது. முடிவைத் தானே செய்துவிட்டுச் சாட்சி தேடுவதுதான் அது. அந்தத் தொழிலில் அறியப்பட்டவரா என்று விசாரிப்பதும் கேட்பவர் மீது கடமை. மருத்துவத்தில் அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் ஹதீது வந்திருப்பதை நினைவில் கொள்ளட்டும்.

"அப்படியானால் வாயைத் திறக்காமல் இருப்பதே நலம் அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். அதுவும் சரியன்று. ஒவ்வொரு சிறு பழுதுக்கும் ஆளைக் கூப்பிட்டுக் கூலி கொடுக்க இயலாத குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் எத்தனையோ உள்ளன. விதவைத் தாய் ஒருவருக்கு, தெரிந்தவர் ஒருவர் வந்து குழாயைச் சரி செய்து கொடுத்தால் அது எவ்வளவு பெரிய உதவி! அபூதர் (ரலி) அவர்கள் சிறந்த அமல்களைப் பற்றி வரிசையாகக் கேட்டபோது, தொழில் செய்பவருக்கு உதவுவதையும், கை வராத ஒருவருக்கு அந்த வேலையைச் செய்து கொடுப்பதையும் நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டார்கள். அதற்கும் இயலாவிட்டால்? உம்முடைய தீங்கு மக்களை எட்டாமல் தடுத்துக்கொள்வதும் உமக்கு ஸதகாவாகும் என்று உணர்த்தினார்கள். புகாரியில் உள்ள ஹதீது இது.

நம் கேள்விக்கு இதில் முழு விடையும் இருக்கிறது. தெரிந்தவர் செய்து கொடுக்கட்டும். இல்லையேல் பொறுமையாகக் கற்றுக் கொடுக்கட்டும். பாதி தெரிந்தவர், "இவ்வளவுதான் எனக்குத் தெரியும், இன்னாரைக் கேளுங்கள்" என்று வழி காட்டட்டும். தெரியாதவர் "தெரியாது" என்று சொல்லட்டும். அந்த ஒரு சொல்லே அவருக்கு ஸதகா. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் தொலைதூரத்திலிருந்து கேள்விகளைச் சுமந்து வந்தவர்கள், பலவற்றுக்கு "எனக்குத் தெரியாது" என்ற பதிலையே பெற்றுத் திரும்பினார்கள். அதனால் அவர்களின் கண்ணியம் குறையவில்லை. ஆலிம்கள் ஃபத்வாவின் இறுதியில் 'வல்லாஹு அஃலம்' என்று எழுதாமல் கையொப்பமிடுவதில்லை. மார்க்கத்தில் அழகாகத் தெரியும் இந்தப் பணிவு, மின்சாரத்திலும் கேஸிலும் மட்டும் நமக்கு அவமானமாகத் தோன்றுவது ஏன்?

ஆகவே, அன்பிற்குரிய சகோதர சகோதரிகளே! அடுத்த முறை ஒருவர் நம் வாசலில் நின்று "என்ன செய்யலாம்?" என்று கேட்கும்போது, முடிந்தால் எழுந்து போய் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுப் பேசுவோம். நம் வீடாக இருந்தால் இதையே செய்வோமா, நம் பிள்ளை அந்த அறையில் உறங்கினால் இதையே சொல்வோமா என்று நெஞ்சைக் கேட்டுக்கொள்வோம். தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்புவது ஈமானின் பூரணத்துவத்தைச் சேர்ந்தது என்று நாம் சிறு வயதிலிருந்தே ஓதி வருகிறோம் அல்லவா?

அமானிதங்களை அவற்றுக்குரியவர்களிடம் சரிவர ஒப்படைப்பவர்களாகவும், அறிந்ததை நேர்மையுடன் சொல்லி அறியாததில் நாவைக் காப்பவர்களாகவும் வாழ வல்ல நாயன் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.